ஈற்றயலடி எங்கே?

புத்தக வாசனை என்று உருகுபவர்களோடு எனக்கு ஒட்டாது. பழைய அச்சகத்துக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், அது மையும் எழுத்துக் கழுவிய மண்ணெண்ணெயும். நான் அச்சுப் புத்தகத்தை விடாததற்குக் காரணம் வேறு. பக்கத்தில் எது எங்கே நிற்க வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்.

குறுந்தொகைப் பாட்டு ஒன்றைக் கைபேசியில் திறந்து பாருங்கள். அதன் யாப்பான அகவலில் அடிக்கு நான்கு சீர். கடைசிக்கு முந்தைய அடியில் மட்டும் மூன்று. அந்த ஈற்றயலடி குறுகும்போதே பாட்டு முடியப்போகிறது என்று காதுக்குப் புரிந்துவிடும். நல்ல அச்சில் கண்ணுக்கும் தெரியும். கைபேசியில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும், நான்காம் சீர் கீழே விழுந்து தனியாக நிற்கிறது. எல்லா அடியும் முச்சீராகத் தெரிந்தால் ஈற்றயலடி எங்கே? விரல் விட்டு எண்ண வேண்டியதுதான்.

உரைநடையும் தப்பவில்லை. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற ஒரு சொல் இடம் போதாமல் அடுத்த வரிக்கு ஓடினால், இருபுறமும் சமன் செய்யும் மென்பொருள் மிச்சச் சொற்களை இழுத்துப் பரப்பி, நடுவே ஓட்டை விட்டுவிடுகிறது. கம்போசிட்டராக இருந்தால் சொல்லைப் பாதியில் பிரித்து இரண்டு வரியிலும் சேர்த்திருப்பார்.

ஓலையில் இந்தக் கவலையே இல்லை. சொல்லுக்கு நடுவே இடைவெளி கிடையாது, மெய்க்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. அச்சுக்கு வந்தபோதுதான் ஒவ்வொன்றையும் யாராவது தீர்மானிக்க வேண்டியிருந்தது. 1950களில் பதிப்பாளர் மர்ரே எஸ். ராஜம் சங்கப் பாடல்களைச் சந்தி பிரித்து, மலிவு விலையில் கொடுத்தார். பிரித்தால் யாப்பு கெடும் என்பது உண்மை. ஆனாலும் பாதிப் பாட்டு உரையில்லாமலே புரிந்துவிடுகிறது. அந்த இடைவெளிதான் உரை. 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகம் புத்தகத்தின் உடம்பையே கவனித்தது: தாள், ஓரம், அட்டை, அதில் ஓவியர் ஆதிமூலத்தின் கோடு.

கணினியை வைது பயனில்லை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இல்லாவிட்டால் பல நூல்கள் என் கைக்கே எட்டியிருக்காது. ஒரு சொல்லைத் தேட இன்றும் அங்கேதான் போகிறேன். கிடைத்த பாட்டைப் படிக்க அலமாரிக்கு வந்துவிடுவேன்.

அதற்காக அச்சானதெல்லாம் புத்தகம் ஆகிவிடாது. இப்போது வரும் பலவற்றில் அச்சடித்த பெரிய தாளை, அதாவது ஃபாரத்தை, மடித்துத் தைப்பதில்லை. முதுகைச் சீவிப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். மேசையில் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்கிறது. அழுத்தினால் நடுத்தாள் கையோடு வருகிறது. உள் ஓரம் போதாமல் வலப்பக்க வரிகளின் முதல் எழுத்து முதுகுக்குள் புதைந்து கிடக்கிறது. புத்தகக் காட்சியில் விலையைப் பார்ப்பதற்கு முன் நான் புத்தகத்தின் தலைப்பக்கத்தைப் பார்ப்பேன். தைத்ததென்றால் முதுகோரம் சின்னச் சின்ன மடிப்புகளாகத் தெரியும். ஒட்டியது தட்டையாக இருக்கும்.

தெரிந்த பைண்டர் ஒருவரிடம் ஏன் தைப்பதில்லை என்று கேட்டேன். "தைக்கிறவங்க கேக்குற கூலிக்கு எந்தப் பதிப்பகம் சார் ஒத்துக்கும்?" என்றார். முப்பது நாற்பது ரூபாய் கூட வைத்தாலும் வாங்குவேன் என்றேன். "நீங்க வாங்குவீங்க. மிச்சம் ஐந்நூறு காப்பியை?" என்று கேட்டுவிட்டு, ஒட்டி முடித்த கட்டை வெட்டு மெஷினுக்குள் தள்ளினார்.