நாலு பேருக்கும் ஒரே நீலம்

எங்க எதிர்வீட்டு அக்காவுக்கு வில்லியனூர் மாதா கோயிலில் கல்யாணம். மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டு, "நீயும் ஒரு தோழிப்பொண்ணுடி" என்றாள். நாங்களோ மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடு. "நானுமா அக்கா?" என்றேன். "சின்ன வயசுலேர்ந்து மாதா குளத்தைச் சுத்தி வந்தவதானே நீ?" என்று சிரித்தாள்.

எங்க பக்கம் நாத்தனார் விளக்குப் பிடிப்பாள். அவங்க பக்கம் தோழிப்பெண்கள் பூச்செண்டோடு மணப்பெண்ணுடன் நடப்பார்கள். நாங்கள் நாலு பேர். நாலு பேருக்கும் ஒரே உடை. அங்கேதான் வந்தது வம்பு!

ஒருத்தி செல்போனில் படம் காட்டினாள். தரையைக் கூட்டுகிற நீளத்தில் கவுன். ஆளுக்கு மூவாயிரம் ரூபாய். எல்லோரும் "சூப்பர்!" என்றார்கள். நானும்தான் சொன்னேன். ஆனால் எங்க அம்மாவுக்கு அது பத்து நாள் நடவுக் கூலி.

"இன்னா பாப்பா, மொகம் வாடிக் கெடக்கு?" என்று அம்மா கேட்டாள். சொன்னேன். அம்மாவின் கை காதுக்குப் போனது. அந்தக் கம்மல் ஏற்கெனவே என் படிப்புக்காக அடகுக்கடைக்குப் போய், ஆடியில்தான் வீடு திரும்பியது. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1840-ல் விக்டோரியா மகாராணி கல்யாணத்தில் 12 பெண்கள் ஒரே மாதிரி வெள்ளை உடுத்தி வந்தார்களாம். அவர்கள் பிரபுக்கள் வீட்டுப் பெண்கள். நாங்கள் வில்லியனூர் கொம்யூன்!

மறுநாள் நேரு வீதியில் கடை வாசலிலேயே சொல்லிவிட்டேன். "அக்கா, கோச்சிக்காதே. மூவாயிரம் என்னால முடியாது. தோழியா நிக்கலைன்னாலும் பந்தியில வேலை செய்யறேன்."

யாரும் பேசவில்லை. எனக்குக் கண் கலங்கியது. அப்போது படம் காட்டியவளே மெல்லச் சொன்னாள்: "எனக்கும் கஷ்டம்தான்டி. நீங்கல்லாம் சரின்னீங்களேன்னு சும்மா இருந்தேன்."

அக்கா யோசித்தாள். "நம்ம லூர்து மாதா இடுப்புல கட்டியிருக்கிற கச்சை என்னா கலரு?"

"நீலம்!"

முடிந்தது. நீலத்தில் நாலு நூல் புடவை, ஒன்று ஐந்நூற்றைம்பது ரூபாய். நீலம் நம் மண்ணுக்குப் புதிதா என்ன? பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவுரிச் சாயம் தோய்த்த புதுச்சேரித் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிருக்கிறதே!

கல்யாணத்தன்று நாலு பேரும் ஒன்றாக நடந்தபோது, கடைசி பெஞ்சில் அம்மாவைப் பார்த்தேன். காதில் கம்மல் மின்னியது. அந்தப் புடவையைப் பொங்கலுக்கும் கட்டினேன், கல்லூரி விழாவுக்கும் கட்டினேன். கவுனாக இருந்தால் பெட்டியில்தான் தூங்கியிருக்கும்.

தோழியரே! நாலு பேருக்கு ஒரே உடை எடுக்கும்போது நிறத்தை அப்புறம் பார்க்கலாம். யாரால் எவ்வளவு முடியும் என்று முதலில் கேளுங்கள். யாரும் கேட்காவிட்டால் வெட்கப்படாமல் நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் பக்கத்தில் நிற்பவளும் அதற்காகத்தான் காத்திருப்பாள்.