தரையிலிருந்து துலக்குகிறவர்கள்

கிழக்கு லண்டனில் ஜன்னல் துடைக்கும் ஓர் அப்பாவையும் மகனையும் பார்க்கப் போயிருந்தேன். அவர்களுடைய வேனில் பாதி இடம் தண்ணீர்த் தொட்டிக்கே. கொள்ளளவு 500 லிட்டர். நிரம்பினால் அரை டன். வேனின் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். "சடன் பிரேக் அடித்தால் தொட்டி முன்சீட்டுக்கு வந்துவிடும்" என்றார் அப்பா. அவர் ஏறி இறங்கிய ஏணி கூரைமேல் சும்மா கிடந்தது.

உயரத்தில் வேலை செய்வது பற்றி பிரிட்டனில் 2005இல் விதிகள் வந்தன. ஏணியையே தடைசெய்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். தடை இல்லை. ஏறாமல் முடிக்கக்கூடிய வேலைக்கு ஏறாதே என்பதுதான் விதியின் சாரம். கீழே நின்றபடி இரண்டாம் மாடியை எட்டும் கார்பன் ஃபைபர் கழி இருக்கும்போது, ஏறுவதற்குக் காரணம் சொல்வது கடினம்.

கழியைவிடத் தண்ணீர்தான் என்னை வியக்க வைத்தது. சுண்ணாம்பு கலந்த லண்டன் குழாய்நீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விழும். கரைந்த உப்பை அளக்கும் மீட்டரைக் குழாய்நீரில் முக்கினான் மகன்: 300க்கு மேல். ஆர்.ஓ. சவ்வையும் பிசின் வடிகட்டியையும் தாண்டி வந்த நீரில் முக்கினான்: சுழியம். கரைந்த உப்பே இல்லாத நீர் கறை விடாமல் காய்கிறது. அதனால் சோப்பும் வேண்டாம், துணியும் வேண்டாம். கழி நுனியிலுள்ள தூரிகையால் முதலில் சட்டத்தின் மேல்விளிம்பு, பிறகு கண்ணாடி, கடைசியில் ஓர் அலசல். ஈரத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

ஈரமாக விடுவதை வாடிக்கையாளர்கள் லேசில் நம்புவதில்லை. "துடைக்காமலா போகிறீர்கள்?" என்றார் ஒரு மூதாட்டி. பல வருடம் சோப்பு கண்ட ஜன்னல்களில் முதல் சில தடவை புள்ளி விழவும் செய்யும். பழைய சோப்புப் படிவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரைகிறது. "என் சோப்புதான் அவன் பேரைக் கெடுக்கிறது" என்று சிரித்தார் அப்பா.

புதுக் கருவிக்குப் புது வலி. அப்பாவுக்கு முழங்கால் போனது, மகனுக்குக் கழுத்து. தொரட்டி பிடித்து முருங்கைக்காய் பறித்தவர்களுக்கு இந்த வலி புரியும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் கழியை நிமிர்த்துமுன் மேலே கம்பி போகிறதா என்று பார்த்துக்கொள்கிறான். ஏணியில் நின்றவர் கண்ணில் உளுத்த சட்டமும் உதிர்ந்த மக்கும் பட்டன, வீட்டுக்காரரிடம் சொல்வார். தரையில் நிற்பவனுக்கு அது தெரிவதில்லை. இந்த இழப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை. கீழே விழாமல் வீடு திரும்புவது அதைவிடப் பெரிது.

உள்பக்கக் கண்ணாடிக்குக் கழி உதவாது; தண்ணீர் வரவேற்பறையில் ஓடும். கடைகளின் முகப்புக்கும் குழாயை இழுத்து விரிக்கும் நேரத்தில் ரப்பர் வைப்பரே வேலையை முடித்துவிடும். கலிஃபோர்னியாவில் குடியேறிய இத்தாலியர் எத்தோரே ஸ்டெக்கோனே 1936இல் காப்புரிமை பெற்ற அதே பித்தளைப் பிடி, ஒற்றை ரப்பர் வகைதான். அந்த வேலைகளெல்லாம் இன்னும் அப்பாவுடையவை. மகன் இழுத்தால் கோடு விழுகிறதாம்.