ஷராக்குவின் தாடைகள்

1794. எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ. ஷராக்கு என்ற பெயரில் ஒருவர் எங்கிருந்தோ முளைக்கிறார். பத்து மாதத்தில் 140க்கும் மேற்பட்ட அச்சுப்படங்கள், பெரும்பாலும் கபுகி நாடக நடிகர்கள். அப்புறம் ஆளையே காணோம். அவா பிரபுவிடம் இருந்த நோ நாடக நடிகர் சைதோ ஜூரோபெய்தான் அவர் என்று பலரும் இப்போது நம்புகிறார்கள்.

*

ஷராக்குவின் ஒரு படம்: நடிகர் மூன்றாம் ஓதானி ஒனிஜி, அடியாள் எடோபெய் வேடத்தில். பணத்தைப் பறிக்கப் பாயப்போகிறான். கழுத்து முன்னே நீண்டிருக்கிறது, உதடு இறுகியிருக்கிறது. மார்புத் துணிக்குள்ளிருந்து இரண்டு கைகள் விரல்களைப் பரப்பிக்கொண்டு வெளியே வருகின்றன. முகத்தோடு ஒப்பிட்டால் குழந்தைக் கைகள்! ஆனால் அவன் வெறி முழுக்க அந்த விரல்களில்தான் இருக்கிறது. சரியான அளவில் வரைந்திருந்தால் படம் செத்திருக்கும்.

பின்னணியில் கரிய மைக்காப் பொடி. தாளைச் சாய்த்தால் மினுங்கும். புத்தகத்தில் பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது வெறும் சாம்பல் நிறம்.

*

கபுகியில் பெண் வேடமும் ஆண்களுக்குத்தான். 1629இல் பெண்கள் மேடையேறத் தடை வந்துவிட்டது. மற்ற ஓவியர்கள் அந்த நடிகர்களை அழகிகளாகவே வரைந்தார்கள். ஷராக்கு, மூன்றாம் செகாவா கிகுனோஜோவைப் பெண்ணாக வரைந்தபோதும் கனத்த ஆண் தாடையை மறைக்கவில்லை. கேலி என்று எனக்குத் தோன்றவில்லை. வேடம், வேடக்காரர் இரண்டையும் ஒரே முகத்தில் காட்டுகிறார்.

ரசிகர் காசு கொடுப்பது இதற்கா? அதே ஆண்டு ஓவியர் தொயோகுனியும் நடிகர் வரிசை ஒன்றைத் தொடங்கினார். நெடிய, மிடுக்கான உருவங்கள். அவருக்குத் தொழில் நிலைத்தது. ஷராக்கு உண்மையை அளவுக்கு மீறி வரைந்ததால்தான் நிலைக்கவில்லை என்று அக்கால எழுத்தாளர் ஓதா நன்போ குறித்திருக்கிறார்.

*

இந்த அச்சுப்படங்களுக்கு, மூல ஓவியத்தைச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை விட்டுவிட்டு மிச்சத்தைச் செதுக்கி எடுப்பார்கள். ஓவியம் அதோடு போயிற்று. நாம் மெச்சும் ஷராக்கு கோடு உண்மையில் ஒரு கத்தியின் கோடு. படத்தில் ஓவியர் பெயர் உண்டு, பதிப்பாளர் த்ஸுதாயாவின் முத்திரை உண்டு. செதுக்கியவர் பெயர்? கிடையாது.

*

1842இல் அரசு நடிகர் படங்களையே தடை செய்தது. சில ஆண்டுகள் கழித்து ஓவியர் குனியோஷி, சுவரில் பையன்கள் ஆணியால் கிறுக்கியதுபோல நடிகர் முகங்களை வரைந்து வெளியிட்டார். நடிகர்களின் பெயரில்லை, ஆனால் மூக்கைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். நடுவே தலையில் துண்டு கட்டிய பூனை ஒன்றும் ஆடுகிறது.