கொதி நேரம்

பாளையின் நுனியைச் சீவியதும் வடிகிற முதல் சொட்டிலேயே ஈஸ்ட் குடியேறிவிடுகிறது. யாரும் அதைப் போடுவதில்லை. காற்றில் இருக்கிறது, பாளையில் இருக்கிறது, முந்தின நாள் கட்டிய கலயத்தின் உட்சுவரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பதனீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை. அதோடு சித்திரை வெயிலும் வாய் திறந்த கலயமும் சேர்ந்தால் கள் தானாகவே ஆகிவிடும். விடியலில் இறக்கியதில் மதியத்துக்குள் புளிப்பு ஏறிவிடும். ராயகிரிப் பக்கம் பனையேறும் குடும்பம் ஒன்றோடு இருந்தபோது, அந்தப் புளிப்பை முந்துவதற்காக ஒரு வீடு முழுவதும் ஓடுவதைப் பார்த்தேன்.

ராயகிரி தென்காசி மாவட்டத்துப் பேரூராட்சி. முன்பு சங்கரன்கோவில் வட்டாரத்தோடு சேர்த்தே பேசப்பட்ட ஊர். 2019-இல் மாவட்டம் பிரிந்தபோது நெல்லையிலிருந்து தென்காசிக்கு வந்தது. மேற்கே திரும்பினால் மலை, கிழக்கே போகப் போகக் கரிசல். சிவகிரியும் வாசுதேவநல்லூரும் பக்கம். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியும் தொலைவில்லை. தண்ணீர் பாயும் இடத்தில் நெல்லும் கரும்பும் தென்னையும் நிற்க, கண்மாய்க் கரையும் புன்செய் வரப்பும் பனைக்கு விடப்பட்டிருக்கின்றன. பனைக்கு யாரும் தண்ணீர் விடுவதில்லை, உரம் வைப்பதில்லை. ஆனால் ஆளை மட்டும் விடாமல் கேட்கும். ஒரு நாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு அந்தப் பாளையை வழிக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

அந்தக் குடும்பத்தில் மரமேறுகிற அண்ணாச்சி இருட்டோடு கிளம்புவார். இடுப்பில் அருவாப்பெட்டி, அதற்குள் பாளை அருவாள், காலுக்குத் தளைநார், தோளில் கலயங்கள். ஆண் பனையின் பாளையைக் கடிப்பு என்கிற மரக் கிட்டியால் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். பெண் பனைக்கு வேறு அளவில் கடிப்பு உண்டு. நசுக்கு கூடினால் பாளை கருகும், குறைந்தால் ஊறாது. பதமான பாளையின் நுனியைத் தாள் கனத்துக்குச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுவார். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. ஊற்று நல்லபடியாக இருக்கிற மரத்துக்கு நடுவில் இன்னொரு தடவையும் ஏறுவார். ஐம்பது அடி, அறுபது அடி மரங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர். கீழே நிற்கிற எனக்குத்தான் வயிறு கலங்கியது.

மேலே கட்டுகிற ஒவ்வொரு கலயத்தின் உள்ளேயும் சுண்ணாம்பு தடவியிருக்க வேண்டும். கள்ளுக்கும் பதனீருக்கும் நடுவே இருப்பது அந்தச் சுண்ணாம்புதான். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் தலையெடுக்காது. கூடினால் பதனீர் குடிக்க நன்றாக இராது, கருப்பட்டி கறுத்துக் கசக்கும். குறைந்தால் புளித்துவிடும். அளவுக்குத் தராசு கிடையாது. அன்றைய வெயில், மரத்தின் ஊற்று, கலயம் எத்தனை நாள் பழையது, இத்தனையையும் மனதில் வைத்துக் கைதான் அளக்கிறது. மேகம் போட்ட நாளில் கொஞ்சம் கூடுதலாகத் தடவுவதைப் பார்த்தேன். காரணம் கேட்டதற்கு, “மப்பு போட்டா பதனி சீக்கிரம் திரும்பிரும் தம்பி” என்றார்.

நான் போனது பனையேற்றத்தைப் பார்க்கத்தான். பனை என்றால் நம் எழுத்திலும் புகைப்படத்திலும் பேச்சிலும் மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மனிதர்தான் வருவார். அந்த உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கருப்பட்டியின் ருசி மரத்தில் பாதிதான் முடிவாகிறது. மீதிப் பாதியை முடிவுசெய்கிற ஆளைப் பற்றி நான் எங்கும் வாசித்ததில்லை. ஓலை வேய்ந்த தாழ்ந்த சாய்ப்பில், புகைக்குள், பதனீர் கொதிக்கிற அண்டாவின் முன்னால் அந்த வீட்டு அக்கா நின்றுகொண்டிருந்தார்.

கலயங்கள் வந்து இறங்கியதும் முதல் வேலை வடிகட்டுவது. பனையிலேயே கிடைக்கிற பன்னாடைதான் வடிகட்டி. ஈ, எறும்பு, பாளைத் தூள் எல்லாம் அதில் நின்றுவிடும். அடியில் படிந்த சுண்ணாம்பைக் கலங்கவிடாமல் தெளிவை மட்டும் அண்டாவில் சாய்ப்பார். அதன் பிறகு நேரம் வீணாகக் கூடாது. அடுப்பில் காய்ந்த பனை மட்டையும் ஓலையும் சீமைக் கருவேல விறகும் எரியும். அண்டா சூடேறியதும் சாம்பல் நிறத்தில் அழுக்கு நுரை திரண்டு வரும். அதை அள்ளி வீச வேண்டும். வெள்ளை நுரை பிறகு வரும், அதை அள்ளக் கூடாது. பொங்கி வழியப் போகும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுகிறார். எண்ணெய் பட்டதும் நுரை அடங்குகிறது. இந்த இடத்தில் அவர் அடுப்பை விட்டு நகரவே மாட்டார். கூப்பிட்டால் திரும்பாமலே பதில் சொல்வார்.

கொதியின் நடுப்பகுதி நீளமானது, வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் நடக்காதது போலிருக்கும். தண்ணீர் ஆவியாகிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அப்படியில்லை. குமிழி பெரிதாக இருக்கிறதா, சிறுத்துவிட்டதா, வெடிக்கிற சத்தம் மெல்லிதா, கனத்ததா என்று காதாலும் கேட்கிறார். நிறம் வைக்கோலிலிருந்து தேனுக்கு, தேனிலிருந்து செம்மண்ணுக்கு மாறும். தேன் பதத்துக்கு வந்ததைக் கூப்பனி என்கிறார்கள். அதுவரை நெருப்பு எரியலாம், அதன் பிறகு நெருப்பை இழுத்துக் குறைத்தாக வேண்டும். அடிப்பிடித்தால் அன்றைய உழைப்பு முழுவதும் தீய்ந்த வாடைக்குப் போய்விடும். துடுப்பு நிற்கவே கூடாது. கிண்டக் கிண்டப் பாகு கனத்து, தோள்பட்டையில் வலி ஏறுகிற நேரமும் அதுதான். கடைசியில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார். கரையாமல் உருண்டால் இறக்கிவிடலாம். இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் கடைந்து, சிரட்டைகளில் ஊற்றுகிறார். ஏழெட்டு லிட்டர் பதனீர் வற்றினால் சுமார் ஒரு கிலோ கருப்பட்டி.

பதனீர் கொஞ்சம் புளித்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். “இறுகாது. பாகாவே நிக்கும். எவ்வளவு எரிச்சாலும் விறகுதான் போவும்” என்றார். இதற்கு வேதியியலில் நேரான காரணம் உண்டு. பதனீரில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். புளிப்பு ஏறினால் அது குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைந்துவிடும். அவை மணி கட்ட விடாமல் பாகை இளக்கி வைக்கும். அந்தப் பெயர்கள் இல்லாமலே, மூக்கால் ஒரு கலயத்தை முகர்ந்து, இது கருப்பட்டிக்கு ஆகாது என்று தள்ளிவைக்கிற திறமை அக்காவிடம் இருக்கிறது. அப்படித் தள்ளிய கலயத்தை அண்ணாச்சி எதிர்த்துப் பேசி நான் பார்க்கவில்லை.

லண்டனில் இருக்கும் என் அத்தை மகன் வீட்டிலேயே பேல் ஏல் என்கிற பியர் காய்ச்சுகிறான். அக்காவின் அடுப்படியில் நின்றபோது அவன் சமையலறைதான் நினைவுக்கு வந்தது. அவன் வாங்குவது டப்பாவில் அடைத்த மால்ட் சாறு. முளைகட்டிய பார்லியை ஊறவைத்து, வடித்து, வற்றவைக்கிற வேலையெல்லாம் ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. வீட்டில் அதைத் தண்ணீரில் கரைத்து ஹாப்ஸ் பூவைப் போட்டு இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். முழு முறையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும் கொதியை இப்படிச் சுருக்கிவிடலாம். ஹாப்ஸின் கசப்பு இறங்கக் கொதி நேரம் வேண்டும் என்பதால், நேரம் குறைகிறபோது பூவைக் கொஞ்சம் கூட்டிப் போடுகிறார்கள். வாசனை நிறைய நின்றுவிடுவதால் பேல் ஏல் வகைக்கு அது பொருந்தியும் போகிறது. ஆறியதும் உறையிலிருந்து ஈஸ்ட்டைத் தூவி மூடிவைத்தால் இரண்டு வாரத்தில் பியர்.

அங்கே வீட்டில் பியர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதியை 1963-இலேயே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் 1978-இல் அதை அனுமதித்தது. அவன் செய்வது ஆசைக்குச் செய்கிற வேலை, நன்றாகவும் செய்கிறான். அவனும் அக்காவும் அறிந்திருப்பது ஒரே உயிரின் குணத்தைத்தான். அவன் ஈஸ்ட்டை வரவேற்கிறான், அக்கா விரட்டுகிறார். அவன் நேரத்தை ஆலை எடுத்துக்கொண்டது. அக்காவின் கொதி நேரத்தை எடுத்துக்கொள்ள யாரும் இல்லை. இரண்டு மூன்று மணி நேரம், பருவம் முழுவதும், தினமும், அந்தப் புகையில் அவர்தான் நிற்க வேண்டும். அவர் கண்கள் சிவந்தே இருக்கின்றன. இருமல் பருவம் முடிந்த பிறகுதான் அடங்கும் என்றார்.

ஈஸ்ட்டை விரட்டுவது அவர்கள் விருப்பமா என்று கேட்டால், சட்டத்தைச் சொல்லாமல் நகர முடியாது. 1937-இல் ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-இல் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-இல் கடைகள் திறந்தன, 1974-க்குள் மூடப்பட்டன, 1981-இல் மறுபடி திறந்தன. 1987 சனவரி முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே மதுவின் சில்லறை விற்பனையைக் கையில் வைத்திருக்கிறது. அங்கே ஆலையில் காய்ச்சிய பியர் கிடைக்கும், கண்மாய்க் கரைப் பனையின் கள் கிடைக்காது. செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை உரிமத்தோடு நடக்கிறது. இலங்கையில் 1978-இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கின்றன. குடியின் கேட்டை நான் சிறிதாக எண்ணவில்லை. அந்தக் கேட்டைத் தெருத்தெருவாக விற்கிற கடைக்கு ஒரு நியாயமும் பனையேறிக்கு ஒரு நியாயமும் வைத்திருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சுண்ணாம்பு குறைந்துபோன ஒரு கலயம், மரத்தடியில் வந்து நிற்கிற ஒரு காக்கிச் சட்டை, இவ்வளவு போதும் அவர்கள் நாள் கலைந்துபோவதற்கு. அண்ணாச்சி இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. “நம்ம வேல பதனி. அத ஒழுங்கா விட்டா போதும்” என்றார்.

அக்காவின் கோபம் வேறு பக்கம் இருந்தது. சீனி. சந்தையில் கருப்பட்டி என்ற பெயரில் சீனிப்பாகைக் காய்ச்சிக் கலந்து சிரட்டையில் ஊற்றி விற்கிறார்கள். சீனி மலிவு, பதனீர் அருமை. வாங்குகிறவர்கள் நிறத்தையும் விலையையும் பார்க்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அது நல்ல காரியம். ராயகிரி போன்ற ஊர்களின் சிறு அடுப்புகளுக்கு அந்தக் காப்பும் இல்லை. அக்கா ஒரு வட்டை உடைத்துக் காட்டினார். உள்ளே மங்கலாக, சொரசொரப்பாக இருந்தது. சீனி சேர்த்தது உடைத்த இடத்தில் பளபளக்கும் என்பது அவர் கணக்கு. வாயில் போட்டபோது இனிப்புக்குப் பின்னால் மெல்லிய உப்பு நின்றது. அந்த உப்பு எந்த ஆலைச் சர்க்கரையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அரசு பனையை மறந்துவிடவில்லை. பனை நம் மாநில மரம். 2021-இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றது, 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகள் தருவதாகவும் சொன்னது. பனை பாளை விட ஏறக்குறைய பதினைந்து ஆண்டு பிடிக்கும். இன்று ஊன்றுகிற விதை பதனீர் தரும்போது அடுப்பில் யார் நிற்பார்கள் என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். ஏறுவதற்குக் கருவி கண்டுபிடிக்கப் பரிசு அறிவிக்கிறோம். காய்ச்சுகிற இடத்தைப் பற்றியும் அப்படி ஒரு யோசனை வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என்ன வேண்டும் என்று அக்காவிடமே கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. “கூரை ஒசரமா இருக்கணும் தம்பி. பொக மேல போற மாதிரி ஒரு கொழா. அடுப்பு இடுப்பு ஒசரத்துல இருந்தா குனிய வேண்டாம். அண்டா கனமில்லாம, அடிப்பிடிக்காத மாதிரி. நாலு வீட்டுக்குச் சேத்து ஒண்ணு கெட்டிக் குடுத்தாக்கூட முறை போட்டுக்கிட்டு காச்சிக்குவோம்.” அண்ணாச்சி அதோடு ஒன்றைச் சேர்த்தார்: கலயம் கழுவ அங்கேயே ஒரு தண்ணீர்க் குழாய்.