மடியில் கனம்

எடின்பரோவில் நண்பர் கல்யாணத்துக்காக கில்ட் வாடகைக்கு எடுத்தேன். கூடவே ஸ்போரன் என்று ஒரு பை. கில்ட்டில் பாக்கெட் கிடையாது. சாவி, சில்லறை எல்லாம் இதில்தான். பகலுக்கு வெறும் தோல், ராத்திரி விருந்துக்கு ரோமம் வைத்தது. ராணுவ பைப் வாத்தியக்காரர்களுக்கு நீளமாகக் குதிரை மயிர்!

இடுப்புக்கு முன்னால், போயும் போயும் அந்த இடத்தில், பூனைக்குட்டி மாதிரி ஒன்று தொங்கணுமா? கூச்சப்பட்டு அறையிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

சர்ச் வாசலில் காற்று. மடியில் கனமில்லை, அதனாலேயே பயம். இரண்டு கையாலும் முன்பக்கத்தை அமுக்கிக்கொண்டு நிற்கிறேன், பெண்ணின் அப்பா கை நீட்டுகிறார். அசட்டுச் சிரிப்பு சிரித்து வைத்தேன். மனுஷர் முகம் சுருங்கிவிட்டது.

மத்தியானமே ஓடிப்போய் தோல் பை ஒன்று வாங்கிவிட்டேன். ரோமம் இப்போதும் வேண்டாம். டான்ஸின்போது மட்டும் இடுப்புப் பக்கம் தள்ளிவிடணும், இல்லாவிட்டால் அது தனியாக ஆடும். சாயங்காலம் முதலில் அவரைத் தேடிப்போய்க் கை கொடுத்தேன்.