பில்டருக்கு ஒரு நாள் லீவு

மீன் தொட்டியில் செடி வளர்க்கிற பிள்ளைகளுக்கு அவசரம் அதிகம். மண்ணைப் பரப்பி, கல்லை நிறுத்தி, தண்ணீரை ஊற்றியதும் தொட்டி கலங்கி எதிர்ப்பக்கக் கண்ணாடியே மறைந்துவிடும். உடனே கை ஸ்விட்சுக்குப் போகும். பில்டர் எதற்கு இருக்கிறது, சுத்தம் செய்யத்தானே என்பது அவர்கள் கணக்கு. எங்கள் குடியிருப்பில் யோசனை கேட்க வருகிற பையன்களிடம் நான் முதலில் சொல்வது, பிளக்கைப் பிடுங்கு என்பதுதான். "என்ன தாத்தா, இவ்வளவு காசு போட்டு வாங்கியிருக்கேன், ஓட்டாதேங்கறீங்க!" என்று முகம் சுருங்கும்.

நான் வேலை பார்த்தது குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில். அங்கே கலங்கல் தண்ணீரை நேரே வடிகட்டிக்கு விடமாட்டோம். படிகாரம் கலந்து, பெரிய தொட்டியில் மெல்ல நகரவிட்டு, சேறு கீழே தங்கிய பிறகுதான் மேல்தண்ணீர் மணல் படுகைக்குப் போகும். சென்னைக்கு 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் வந்த மெதுமணல் படுகைகள் இன்னும் பெரிய ரோஷக்காரர்கள். அந்த வகைப் படுகையில் தண்ணீரைச் சுத்தம் செய்வது மணல் மட்டுமல்ல. மணலின் மேல் படர்ந்திருக்கும் உயிருள்ள மெல்லிய படலமும்தான். சேற்றைக் கொட்டினால் அது மூச்சடைத்துப் போகும்.

மீன் தொட்டி பில்டரும் அந்த ஜாதிதான். கேனிஸ்டர் என்கிற பில்டர் டப்பாவுக்குள் இருக்கிற பீங்கான் வளையங்கள் குப்பை பிடிக்க வைத்தவை அல்ல. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் குடியிருக்கும் வீடு அவை. நுண்ணிய களிமண் அந்தத் துளைகளில் போய் அப்பிக்கொண்டால் எத்தனை முறை அலசினாலும் முழுதாக வராது. மணல் துகள் உள்ளே போனால் தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லரையும் அதன் தண்டையும் அராவும். முதலில் 'கரகர' சத்தம். பிறகு தண்ணீர் வரத்துக் குறையும். அப்புறம் கடைக்காரருக்கு வியாபாரம்.

அவசரப்படாமல் இருந்தால் என்ன ஆகும்? துகள் தண்ணீரில் இறங்கும் வேகத்துக்கு ஸ்டோக்ஸ் என்பவர் 1851-லேயே கணக்குப் போட்டு வைத்துவிட்டார். துகளின் குறுக்களவு பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகும். அசையாத தண்ணீரில், ஓரடி ஆழம் இறங்க 0.02 மில்லிமீட்டர் வண்டலுக்குக் கால் மணி நேரம் போதும். 0.002 மில்லிமீட்டர் களிமண்ணுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அதைவிடப் பொடிசாக இருப்பவை ஒன்றையொன்று மின்னேற்றத்தால் தள்ளிக்கொண்டு நாள் கணக்கில் மிதக்கும். படிகாரம் அந்தப் பிணக்கைத் தீர்த்துத் திரளவைக்கிறது. நம் பாட்டிமார் பானையில் உரைத்த தேத்தாங்கொட்டையின் வேலையும் ஏறக்குறைய அதுதான். அதற்காகத் தொட்டியில் படிகாரத்தைப் போட்டுவிடாதீர்கள். நீரின் அமிலத்தன்மை கூடிவிடும்.

தூசி அடங்குமுன் பில்டரை ஓட்டுகிற இந்த அவசரம் குடும்பத்திலும் உண்டு. கல்யாணமாகி ஒரு பெண் புதிதாக வீட்டுக்கு வருகிறாள். உப்பு கூடியது, குக்கர் மாறியது, கதவைச் சாத்தினாள் என்று முதல் மாதம் முழுக்கத் தூசிதான். பாதி தானாகவே அடங்கிவிடும். ஆனால் நாம் விடுவதில்லை. வீட்டில் பொறுமையான ஒருவர் இருப்பாரே, அவரிடம் இரண்டு பக்கமும் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். அவர் அத்தனையையும் விழுங்கிக்கொள்கிறார். நிஜமாகவே பெரிய சிக்கல் வருகிற அன்று அவரால் ஒரு வார்த்தை பேச முடிவதில்லை. நமக்கு அது புரியாமல், 'இவர் முன்ன மாதிரி இல்லை' என்கிறோம்.

சரி, தொட்டிக்கு வருவோம். ஆற்று மணலோ சரளையோ என்றால் வாளியில் போட்டுத் தண்ணீர் தெளிகிற வரை அலசிக்கொள்ளலாம். அக்வா சாயில் களிமண்ணை உருட்டிச் சுட்டது; அலசினால் உடைந்து இன்னும் கலங்கும். அதை ஸ்பிரேயரால் நனைத்து, மேலே பாலித்தீன் கவரையோ தட்டையோ வைத்து, தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்ற வேண்டும். முதல் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கிவிட்டு மறுபடி நிரப்பினால் பாதித் தூசி சாக்கடைக்குப் போய்விடும். பிறகு ஒரு நாள் சும்மா விடுங்கள். செடிகளுக்கு ஒன்றும் ஆகாது. புது பில்டரில் இன்னும் குடியிருப்பவர் யாரும் இல்லை, ஆகவே அதற்கும் நஷ்டம் இல்லை.

மறுநாள் ஓட்டும்போது உறிஞ்சு குழாயின் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் மாட்டி, மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்தில் வைக்க வேண்டும். உள்ளே ஸ்பாஞ்சும் பில்டர் பஞ்சும் மட்டும் இருக்கட்டும். அழுக்கான பஞ்சைத் தயங்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு வளையங்களைச் சேர்க்கலாம். பழைய தொட்டியின் பில்டரைக் கொண்டுவந்து மாட்டுகிறவர்களுக்குத்தான் அதிக எச்சரிக்கை தேவை. அதில் ஏற்கனவே உயிர் இருக்கிறது. சில மணி நேரம் நிறுத்தினாலே பிராணவாயு இல்லாமல் சாக ஆரம்பிக்கும். புதுத் தொட்டி தெளிகிற வரை அது பழைய தொட்டியிலேயே ஓடட்டும். அலசுவதானால் தொட்டித் தண்ணீரில்தான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அல்ல.

தெளிந்த தண்ணீர் இரண்டு மூன்று நாள் கழித்துத் திடீரென்று பால் போல வெளுத்தால் பயப்படாதீர்கள். அது மண் இல்லை, பாக்டீரியாப் பெருக்கம்; தானாகவே அடங்கும். 'ஒரு மூடி ஊற்றினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்' என்று விற்கிற பாட்டில்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

என்னிடம் கேட்க வந்த மூன்றாம் வீட்டுப் பையனின் தொட்டி இப்போது பளிச்சென்று இருக்கிறது. "தண்ணிதான் தெளிஞ்சிடுச்சே மாமா, மீன் வாங்கிடலாமா?" என்று அவன் அம்மா மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள். சத்துள்ள அக்வா சாயிலிலிருந்து முதல் சில வாரங்கள் அம்மோனியா கசியும், அது கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி, கடையில் டெஸ்ட் கிட் வாங்கச் சொல்லியிருக்கிறேன். அதில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுகிற வரைக்கும் அந்தத் தொட்டியில் செடி மட்டும்தான்.