எந்த அலுப்பைத் தாங்குவான்?

கோவையில் மோட்டார் வைண்டிங் பட்டறை நடத்துகிறேன். பத்தாம் வகுப்பு முடித்த பையனைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர், "இவனுக்கு எந்த டிரேடுங்க ஒத்து வரும்?" என்று கேட்பார்கள். ஐ.டி.ஐ. விண்ணப்பத்தில் எலக்ட்ரீசியன், ஃபிட்டர், டர்னர் என்று வரிசையாக இருக்கும். இந்த மூன்றும் 2 வருடப் படிப்பு. மார்க், சம்பளம், பையனின் ஆசை எல்லாவற்றையும் சொல்வார்கள். நான் பார்ப்பது வேறு: எந்த வேலையின் அலுப்பை அவன் தாங்குவான்?

எங்கள் தொழிலில் ஒரு போர்வெல் மோட்டாருக்கே மூன்று விதமான ஆட்கள் வேண்டும். தோட்டத்து வெயிலில் குழாய் குழாயாகக் கழற்றி மோட்டாரை மேலே ஏற்றுபவர் ஒருவர். லேத்தில் நின்று ஷாஃப்ட் கடைபவர் ஒருவர். உட்கார்ந்து வைண்டிங் கட்டுபவர் இன்னொருவர்.

தண்ணீர் நிரப்பிய மோட்டாரில், சுற்றிவைத்த காயிலை அப்படியே இறக்க ஸ்லாட்டில் வாய் போதாது. பிளாஸ்டிக் உறை சுற்றிய செம்புக் கம்பியை ஒரு பக்கம் நுழைத்து, மறுபக்கம் இழுத்து, ஒவ்வொரு சுற்றாகக் கோக்க வேண்டும். உறையில் சின்னக் கீறல் விழுந்தாலும் கரன்ட் பாடிக்கு இறங்கிவிடும். ஒரு ஃபேஸில் சுற்று குறைந்தால் ஆம்பியர் ஏறி மோட்டார் சூடாகும். ஆகவே கைவேலையோடு எண்ணிக்கையும் ஓடிக்கொண்டே இருக்கும்; பேச்சுக்கு இடமில்லை. மூடியைப் போட்டு முடுக்கிவிட்டால் அத்தனை உழைப்பும் யார் கண்ணிலும் படாது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. எண்ணத் தொடங்கினால் என் மனது அடங்கிவிடும்.

எங்களிடம் ஒரு பையன் இருக்கிறான். நல்ல கெட்டிக்காரன், ஆனால் வைண்டிங்கில் அரைமணி உட்கார மாட்டான். தோட்டத்து வேலைக்கு அனுப்பினேன். ஆம்பியரைப் பார்த்து, தண்ணீர் விழுகிற விதத்தைப் பார்த்து, விவசாயியிடம் நாலு வார்த்தை கேட்டு, கோளாறு எங்கே என்று சொல்லிவிடுகிறான். இப்போது அவனைத்தான் கேட்டுக் கூப்பிடுகிறார்கள். உட்காராத குணத்தைக் குறை என்று நினைத்திருந்தால் ஒரு நல்ல மெக்கானிக் கிடைத்திருக்க மாட்டான்.

விண்ணப்பம் நிரப்பும் முன் பிள்ளையை நாலைந்து பட்டறைகளுக்குக் கூட்டிப்போய் முழு நாளும் வேலையைப் பார்க்கவிடுங்கள். வேலை மந்தமாக நகரும் மத்தியான நேரத்திலும் எந்த இடத்தை விட்டு நகராமல் நின்றான் என்று கவனியுங்கள். டிரேடு பெயரை அதைப் பார்த்து எழுதுங்கள்.